பிக்டியர் பேசிய மொழி

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், போர்த் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகத்தின் தென்கரையில், கின்னீல் என்று ஓரிடம் உண்டு. உரோமானியர் கி.பி. 142ஆம் ஆண்டளவில் தீவின் குறுக்கே புல்மண் கட்டிகளை அடுக்கி எழுப்பிய அந்தோனைன் மதிலின் கீழைக் கோடி அதற்கு அண்மையிலேயே முடிந்தது. மதில் இன்று மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துவிட்டது, இடப்பெயர் தேயவில்லை. வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவி பீட், 731இல் எழுதி முடித்த தம் திருச்சபை வரலாற்றில் இவ்விடத்தைக் குறிப்பிடுகிறார். மதில் தொடங்கும் இடத்தைப் பிக்டியர் தம் மொழியில் ‘பெயான்பாகெல்’ என்றும், ஆங்கிலேயர் ‘பென்னெல்டூன்’ என்றும் வழங்குகின்றனர் என்பது அவர் தரும் செய்தி.

போகிற போக்கில் எழுதப்பட்ட இவ்வொரு சொல்லை நடுவே வைத்துக்கொண்டு அறிஞர் உலகம் பல நூற்றாண்டுகளாக வழக்காடி வந்துள்ளது. காரணம் எளிது. ‘இது பிக்டியரின் சொல்’ என்று, பிக்டியர் வாழ்ந்த காலத்திலேயே ஒருவர் சுட்டி எழுதிவைத்த சான்று இதைத் தவிர ஏறக்குறைய இல்லை. ஒரு பேரினம் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஒரு நிலத்தை ஆண்டது. மன்னர் பலர் வந்து போயினர். வியக்கத்தக்க சிற்பக் கற்களை நட்டனர். ஆயினும் அவர்கள் மொழியில் அமைந்த ஒரே ஒரு முழு வாக்கியங்கூட எந்த ஏட்டிலும் எஞ்சவில்லை. எஞ்சியவை மன்னர் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், கற்களிற் கீறிய சில வரிகள், அந்த ஒற்றைச் சொல் ஆகியவையே. இவற்றைக் கொண்டு அம்மொழி எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று எவ்வாறு துணிவது? துணிந்தவர்கள் எதனாற் பிழைத்தனர்? இக்கேள்விகள் மொழி கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயனுடையவை.

பிக்டியர் வரலாற்றுப் பக்கங்களில் முதன்முதல் தோன்றுவது 297இல் ஆகும். உரோமப் பேரரசின் மேலைப் பகுதியை ஆண்ட கான்ஸ்டான்டியஸைப் புகழ்ந்து நிகழ்த்தப்பட்ட இலத்தீன் உரை ஒன்று, பிரித்தானியரின் பகைவர் என்று அயர்லாந்தினரோடு இவர்களையும் சேர்த்துச் சொல்கிறது. போர்த் கழிமுகத்திற்கு வடக்கே, மலைகளும் வளமான கீழைச் சமவெளிகளும் கொண்ட நிலம் அவர்களுடையது. அங்கே கலிடோனியர் முதலிய பல குடிகள் முன்பு வாழ்ந்தன. அக்குடிகளின் வழிவந்தோரையே உரோமானியர் பிற்காலத்தில் பிக்டியர் என்று ஒரு பெயரால் அழைத்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. உரோமானியர் நீங்கிய பின்னரும் இவர்கள் வலிமை குன்றவில்லை. 685இல் நார்தம்பிரிய மன்னன் எக்ஃபிரித் பெரும்படையோடு வடக்கே புகுந்தபோது, பிக்டிய மன்னன் பிரிதை அவனைப் படையோடு வீழ்த்தினான். அத்தோல்விக்குப்பின் ஆங்கிலேயரின் வடதிசை ஆதிக்கம் மீளவே இல்லை.

‘பிக்டி’ என்றால் இலத்தீனில் ‘தீட்டப்பட்டவர்’ என்று பொருள். உடம்பிற் பச்சை குத்திக்கொண்டதால் இப்பெயர் வந்தது என்று செவில் நகர இசிதோர் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதினார். பகைவன் இட்ட பெயர் அது. அவர்கள் தம்மை என்ன பெயரால் அழைத்துக்கொண்டனரோ! ஆனால் அண்டை நாட்டார் அழைத்த பெயர்கள் இரண்டு கிடைக்கின்றன. வேல்ஸ் மக்கள் அவர்களைப் ‘பிரிதின்’ என்றனர். அயர்லாந்தினர் ‘குருத்னி’ என்றனர். கேட்பதற்கு உறவில்லாதனபோல் ஒலிக்கும் இவ்விரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். எவ்வாறு என்பதை அறிந்தால்தான் வழக்கின் உயிர்நாடி விளங்கும்.

கெல்டிக் மொழிகள் இரு கிளைகளாகப் பிரிந்தபோது, ஒரு பழைய ஒலி வேல்ஸ் சார்ந்த கிளையிற் பகரமாகவும் அயர்லாந்து சார்ந்த கிளையிற் ககரமாகவும் திரிந்தது. தலை என்பதற்கு வேல்ஸில் ‘பென்’, அயர்லாந்து மொழியில் ‘கென்’. மகன் என்பதற்கு அங்கே ‘மாப்’, இங்கே ‘மாக்’. நான்கு என்பதற்கு அங்கே ‘பெத்வார்’, இங்கே ‘கெதிர்’. தமிழிற் ‘பால்’ என்பது கன்னடத்தில் ‘ஹாலு’ என்று நிற்பதை அறிந்த மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஓர் ஒலி ஓரிடத்தில் மட்டும் திரிவதன்று, அது வரும் இடமெங்கும் ஒழுங்காகத் திரியும். அவ்வொழுங்கே உறவுக்குச் சான்று. பிரிதின் என்பதும் குருத்னி என்பதும் அவ்வாறே பகர ககரத் திரிபால் வேறுபட்டவை. பிரித்தானியா என்னும் பெயரும் இதே சொல்லின் உடன்பிறப்பு. ஆகவே அண்டை வீட்டார் பிக்டியரை ஏதோ கடல்கடந்து வந்த அயலாராகக் கருதவில்லை. தீவின் பழங்குடிகள் என்னும் பொருள்படவே அழைத்தனர்.

இனிக் கின்னீலுக்குத் திரும்பலாம். பீட் தந்த சொல்லின் முற்பகுதியாகிய ‘பெயான்’ வேல்ஸ் மொழியின் ‘பென்’ அன்றி வேறில்லை. ‘தலை, முனை’ என்று பொருள். பிற்பகுதி மதிலைக் குறிப்பது. மதிலின் தலைமாடு என்பதே ஊர்ப்பெயர். ஆனால் அப்பிற்பகுதியின் முதலொலி அயர்லாந்து மொழியின் வழக்கை ஒத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிற் தொகுக்கப்பெற்ற ‘பிரித்தானியர் வரலாறு’ என்னும் நூல் இதே ஊர்க்குப் பிரித்தானிய மொழியில் ‘பென்குவாவுல்’ என்றும், அயர்லாந்து மொழியிற் ‘கெனாயில்’ என்றும், ஆங்கிலத்திற் ‘பெனெல்டூன்’ என்றும் பெயர்கள் தருகிறது. ‘கெனாயில்’ என்பதே இன்று கின்னீலாக வழங்குகிறது. ஒரு சிறு கரைமேட்டில் நான்கு மொழியார் வந்து நின்று, ஒரே மதிலைக் கண்டு, ஒரே பெயரைத் தத்தம் நாவுக்கேற்ப மொழிந்திருக்கின்றனர்.

பீட் தம் நூலின் தொடக்கத்திலேயே பிரித்தானியத் தீவில் ஐந்து மொழிகள் வழங்குவதாகச் சொல்கிறார்: ஆங்கிலம், பிரித்தானியம், அயர்லாந்தம், பிக்டியம், அனைவர்க்கும் பொதுவான இலத்தீன். திருமறைச் சட்டநூல்கள் ஐந்து என்பதோடு இவ்வெண்ணை அவர் ஒப்பிடுகிறார். ஐந்து என்னும் எண் அமைய வேண்டும் என்ற விருப்பத்தாற் பிக்டியத்தைத் தனியே எண்ணினாரோ என்று ஐயுறுவார் உளர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிக்டியர் அவர் காலத்தில் தனியரசு உடைய இனம். அவர்தம் பேச்சைத் தனிமொழியாக எண்ணியது இயல்பே. அஃது எம்மொழிக்கு எவ்வளவு நெருக்கம் என்பது அவர் கேட்டுக்கொண்ட கேள்வியன்று.

இன்னொரு சான்று அயோனாத் தீவிலிருந்து வருகிறது. அயர்லாந்துத் துறவி கொலும்பா 563இல் அங்குச் சென்று மடம் நிறுவினார். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப்பின் அம்மடத்தின் தலைவர் அதோம்னான் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், கொலும்பா பிக்டிய நாட்டுக் குடியானவன் ஒருவனுக்கு மறையுரைத்தபோது மொழிபெயர்ப்பாளர் உதவினார் என்று வருகிறது. ஸ்கைத் தீவில் ஆர்த்பிரானான் என்னும் முதியவர்க்குத் திருமுழுக்கு அளித்தபோதும் அவ்வாறே நடந்தது. ஆகவே பிக்டியர் பேசியது அயர்லாந்து மொழி அன்று என்பது உறுதி. ஆனால் பலர் இதனை ஒரு படி தாண்டி, மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தமையால் அது முற்றிலும் வேற்றுமொழி என்றனர். அது பொருந்தா வாதம். வேல்ஸ்காரர் ஒருவரிடம் பேசியிருந்தாலும் கொலும்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டே இருப்பார்.

வழக்கு சூடேறியது பின்னாளில்தான். 1586இல் வெளிவந்த ‘பிரித்தானியா’ என்னும் நூலில் வில்லியம் காம்டன், இடப்பெயர்களைச் சான்றாகக் காட்டிப் பிக்டியர் பிரித்தானியரோடு ஒரே மொழியினர் என்று எழுதினார். மிகக் குறைந்த கருவிகளோடு அவர் கண்ட முடிவு, நாநூறு ஆண்டுகள் சுற்றித் திரிந்தபின் ஆய்வுலகம் வந்து சேர்ந்த முடிவோடு பெரிதும் ஒத்திருப்பது வியப்பே. இடையில் நிகழ்ந்ததோ வேறு. 1789இல் ஜான் பின்கர்டன் என்பார், பிக்டியர் ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்த கோத்தியர், செர்மானிய மொழியினர் என்று பெரிய நூல் எழுதினார். அவர் வாதத்தின் அடியில் ஆராய்ச்சியைவிட வெறுப்பே மிகுந்திருந்தது. கெல்டிக் இனத்தார் நாகரிகம் அறியாதவர் என்பது அவர் துணிபு. ஸ்காட்லாந்தின் வீர முன்னோர் அவ்வினத்தாராய் இருத்தல் அவர்க்குப் பொறுக்கவில்லை. மலைநாட்டுக் கேலிக் மக்கள் தம் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இத்தகைய எழுத்து வெறும் ஏட்டுப் பூசலாக மட்டும் இருந்திருக்க இயலாது. அவர்க்கு மறுமொழியாக 1807இல் ஜார்ஜ் சால்மர்ஸ், ஊர்ப்பெயர்களை ஆய்ந்து பிக்டியர் பிரித்தானியரே என்றார். பின்னர் வில்லியம் ஸ்கீன், அவர்கள் கேலிக் மொழியினரே என்றார். ஆக ஒவ்வொருவரும் தாம் விரும்பிய முன்னோரை அக்கற்களுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தனர்.

இப்பூசலைக் கண்டு நகைத்தவர் வால்டர் ஸ்காட். 1816இல் அவர் எழுதிய ‘தி ஆன்டிகுவரி’ என்னும் புதினத்தில், பழம்பொருள் ஆர்வலர் இருவர் விருந்து மேசையில் இதே பெயான்பாகெலைப் பற்றி வாதிடுகின்றனர். ஒருவர் கோத்தியம் என்கிறார். மற்றவர் கெல்டிக் என்கிறார். அம்மொழியில் எஞ்சியிருப்பது ஒரு சொல். அதற்கும் உரிமையாளர் இருவர்! வாதம் முற்றி, விருந்தினர் சினங்கொண்டு எழுந்து போய்விடுகிறார். இன்றும் ஆய்வாளர்கள் இக்காட்சியைச் சற்றே வெட்கத்தோடு நினைவுகூர்வதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கு புதிய திசையிற் திரும்பியது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் கெல்டிக் பேராசிரியர் ஜான் ரீஸ் 1892இல், பிக்டியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தையே சேர்ந்ததன்று என்றார். பாஸ்க் மொழியோடு உறவு காட்டவும் முயன்றார். பாஸ்க் உறவை அவரே பின்னர்க் கைவிட்டார். எனினும் விதை விழுந்துவிட்டது. 1955இல் ‘பிக்டியர் சிக்கல்’ என்னும் தொகுப்பு நூலில் எடின்பரோப் பேராசிரியர் கென்னத் ஜாக்சன் எழுதிய கட்டுரை இரு மொழிக் கொள்கையை நிலைநாட்டியது. பிக்டிய நாட்டில் வேல்ஸுக்கு உறவான ஒரு கெல்டிக் மொழி வழங்கியது. அதனோடு, கெல்டிக் மக்கள் வருமுன் இருந்த ஒரு பழமொழியும், எவ்வுறவும் அறியப்படாத மொழி, நிலைத்திருந்தது என்பது அவர் முடிவு. ஜாக்சன் சிறந்த மொழிநூற் புலவர், அளந்து பேசுபவர். அதனாலேயே அவர் முடிவு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பாடநூல்களில் உண்மையாகவே நின்றது. ‘புரியாத மொழி பேசிய புதிரான மக்கள்’ என்னும் படிமம் பொதுமக்கள் நெஞ்சிலும் பதிந்தது.

அவர் இரண்டாம் மொழிக்குக் காட்டிய தலையாய சான்று ஓகம் கல்வெட்டுகள். ஓகம் அயர்லாந்திற் பிறந்த எழுத்து முறை. ஒரு நேர்க்கோட்டின் ஒரு புறமோ மறுபுறமோ, அதன் குறுக்கேயோ ஒன்று முதல் ஐந்து வரை கீற்றுகள் இடுவர். இடமும் எண்ணிக்கையுமே எழுத்தைக் காட்டும். ஸ்காட்லாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஓகம் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. இன்வெருரிக்கு அண்மையிலுள்ள பிராண்ட்ஸ்பட் கல் உடைக்கப்பட்டு வயல் வேலிச் சுவரில் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. துண்டுகளைத் தேடிப் பொருத்தியபின் அதில் ‘இரதத்தோஅரென்ஸ்’ என்பதுபோல் ஒரு தொடர் படிக்கப்பட்டது. ஷெட்லாந்தின் லுன்னாஸ்டிங் கல்லில் இன்னும் விந்தையான, மெய்யெழுத்துகள் இரட்டித்தும் மும்மடங்காகியும் குவிந்து நிற்கும் வரி உள்ளது. படித்தவர்கள் திகைத்தனர். இஃது எந்த ஐரோப்பிய மொழியும் அன்று என்றனர்.

இங்குத்தான் ஒரு நுண்ணிய பிழை புகுந்தது. ஒரு கீற்று தேய்ந்தால் நான்கு மூன்றாகும். மூன்று கீற்றுக்குரிய எழுத்து வேறு, நான்கிற்குரியது வேறு. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் மழையும் காற்றும் அலைத்த கல்லில், சொற்களுக்கிடையே பெரும்பாலும் இடைவெளியும் இல்லாத வரியில், படிப்பது எளிதன்று. படிக்க முடியவில்லை என்பது வாசிப்பவரின் இயலாமை. அதனை அம்மொழியின் இயல்பாக்கிவிட்டனர். லுன்னாஸ்டிங் வரியின் இறுதிச் சொல்லை உற்று நோக்கினால், இரட்டித்த எழுத்துகளுக்கு நடுவே ‘நெக்தோன்’ என்னும் பெயர் தெரிகிறது. அது கெல்டிக் உலகெங்கும் அறிந்த ஆட்பெயர். பிக்டிய மன்னர் சிலரும் அதனைத் தாங்கியுள்ளனர். பிராண்ட்ஸ்பட் தொடரிலும் எதெர்னான் என்னும் புனிதரின் பெயர் ஒளிந்திருக்கலாம் என்பர். ஷெட்லாந்தின் பிரெசேக் கல்லில் சிலுவையைக் குறிக்கும் அயர்லாந்துச் சொல்லும், மகன் என்னும் கெல்டிக் சொல்லும், மகள் என்னும் வடமானியச் சொல்லும் ஒருங்கே காணப்படுகின்றன. கல் வெட்டியவர் பல மொழியார் கூடி வாழ்ந்த கடற்கரையைச் சேர்ந்தவர். அவர் எழுத்து நமக்குப் புரியாமைக்கு அதுவே போதிய காரணம்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டியது ஒரு சிறு தக்களி. ஆர்க்னித் தீவுகளில் பக்கோய் என்னுமிடத்தில் 1970இல் தொடங்கிய அகழாய்வில், நூல் நூற்கும் கதிரிற் செருகும் கல் வட்டு ஒன்று கிடைத்தது. அதன்மேல் வட்டமாக ஓகம் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. பொருள் விளங்கவில்லை, ஆதலின் அதுவும் அறியப்படாத பிக்டிய மொழியின் கணக்கிற் சேர்ந்தது. 1995இல் கேத்தரின் ஃபோர்சைத் அதனை மீண்டும் படித்தார். வட்டத்தில் எழுதிய வரிக்குத் தொடக்கம் எது என்பதே முதற் கேள்வி. தொடக்கத்தைச் சரியாகப் பிடித்ததும் வரி பழைய அயர்லாந்து மொழியாய் விரிந்தது: இன்னாரின் ஆன்மாவுக்கு ஆசி உண்டாகுக. நூல் நூற்கும் ஒரு பெண்ணின் கையிற் சுழன்றுகொண்டிருந்த எளிய வேண்டுதல் அது. அதனை ஆரியர்க்கு முற்பட்ட மருமமொழி என்று கால் நூற்றாண்டு நம்பியிருந்தனர். அவர் வாசிப்பைப் பலர் ஏற்றனர், ஐயுறுவோரும் உளர்.

1997இல் ஃபோர்சைத் எழுதிய ‘பிக்டிய நாட்டில் மொழி’ என்னும் சிறு நூல், இந்தோ ஐரோப்பியமல்லாத பிக்டியம் என்னும் கொள்கையின் ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தது. அத்தூண்களுள் ஒன்று தாய்வழி அரசுரிமை. பிக்டியர் பெண்கள் இன்றி வந்து அயர்லாந்தினரிடம் மனைவியரைக் கேட்டனர் என்றும், அரசுரிமையில் ஐயம் எழுந்தால் பெண்வழியே மன்னனைத் தெரிந்தெடுப்போம் என்று உடன்பட்டே அவர்களைப் பெற்றனர் என்றும் பீட் ஒரு கதை சொல்கிறார். இந்தோ ஐரோப்பியர்க்கு இல்லாத வழக்கம் இது. ஆகவே மொழியும் வேறாதல் வேண்டும் என்றனர். கால்செஸ்டரிற் கிடைத்த ஒரு வெண்கலத் தகடு, அலெக்சாந்தர் செவெரஸ் பேரரசனாயிருந்த 222க்கும் 235க்கும் இடைப்பட்ட காலத்தது. அதனை வைத்தவன் லோசியோ வேதா என்னும் கலிடோனியன். அவன் தன்னை வெபோகெனுஸ் என்பானுக்கு ‘நெபோஸ்’ என்கிறான். அவ்விலத்தீன் சொல் பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும். தாய்வழியைத் தேடியவர்கள் மருமகன் என்றே படித்தனர்! பெயரோ, ‘வெபோகெனுஸ்’, அப்பட்டமான கெல்டிக் அமைப்புடையது.

மரபுரிமை முறையைக் கொண்டு மொழிக்குடும்பத்தைத் துணிய இயலாது என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மருமக்கள் தாயம் வழங்கிய கேரளத்தார் பேசியது தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. நெகிரி செம்பிலானில் தாய்வழி ‘அடாட் பெர்பத்தே’ வழக்கை உடையோர் மொழியும், அவ்வழக்கம் இல்லாத பிற மலாய்க்காரர் மொழியும் அண்மை உறவுடையவையே. பிக்டியரிடம் அம்முறை உண்மையில் இருந்ததா என்பதையே இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். 2023இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, ஃபைப் பகுதியில் லண்டின் லிங்ஸ் என்னுமிடத்துக் கல்லறைகளில் அடங்கியோரிடம் தாய்வழி இருப்புக்குச் சான்று காணவில்லை. பிக்டியர் எங்கிருந்தோ வந்தேறியவர் அல்லர், இரும்புக்காலப் பிரித்தானியரின் வழியினரே என்பதும் அவ்வாய்வின் முடிவு. குருதி மொழியைச் சொல்லாது என்பது உண்மை. ஆனால் சித்தியாவிலிருந்து கப்பலேறி வந்த கதைக்கு இனி இடமில்லை.

எதிர்மறைச் சான்றுகள் விழுந்தபின் நேர்ச் சான்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டிற் பிக்டிய நாட்டை ஆண்ட பெருமன்னன் ஒருவன் 761இல் மறைந்தான். அயர்லாந்து ஏடுகள் அவனை ஃபெர்குஸ் மகன் ஓங்குஸ் என்கின்றன. பிக்டிய மன்னர் பட்டியலோ ‘உர்குயிஸ்த்’ மகன் ‘ஒனுயிஸ்த்’ என்கிறது. ஃபெர்குஸ் என்னும் பெயர்க்கு வேல்ஸ் வடிவம் ‘குர்குஸ்த்’. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன், பிக்டிய வடிவம் யார் பக்கம் சாய்கிறது என்பதை ஆசிரியர் சொல்லாமலே காண்பான். பட்டியலிற் தொன்மக் காலத்து மன்னர்க்குரிய சில பெயர்கள் விளங்கவில்லைதான். பலமுறை படியெடுத்த ஏட்டில் அத்தகைய சிதைவுகள் வருவது இயல்பே.

இக்கற்களிலுள்ள சின்னங்களைப் பற்றியும் ஒரு சொல். பிறையும் முறிந்த அம்பும், பாம்பும், இரட்டை வட்டமும், பெயரறியா நீர்விலங்கும் திரும்பத் திரும்ப இணையிணையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை எழுத்தே என்று 2010இற் புள்ளியியல் முறையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முந்திய ஆண்டிற் சிந்துவெளிக் குறியீடுகளைப் பற்றி வந்த ஆய்வும் ஒத்த வழியிற் சென்றதே. இரண்டிற்கும் ஒரே வகையான மறுப்பும் எழுந்தது: ஒழுங்கு உள்ளது என்பதாலேயே மொழி உள்ளது என்றாகாது. அவை எழுத்தே ஆயினும், பெயர்களைக் குறிக்கும் குறிகளாயின், மொழி வழக்கில் அவற்றால் தீர்ப்புக் கிடைப்பது அரிது.

தீர்ப்புக் கூறத்தக்க சான்று ஊர்ப்பெயர்களே. ஆற்றுமுகம், ஆறுகள் கூடுமிடம் என்பதற்கு வேல்ஸ் சார்ந்த மொழிகளில் ‘அபெர்’ என்பது சொல். மலாய்நாட்டு ஊர்ப்பெயர்களிற் ‘கோலா’ என்பது நிற்கும் இடத்தில் அது நிற்கும். கேலிக் மொழியில் அதற்கு ‘இன்வெர்’. அயர்லாந்து மொழியார் ‘அபெர்’ என்று ஊர்க்குப் பெயரிடார். ஆனால் அபெர்தீன், அபெர்நெத்தி, அபெர்பிரோத்தாக் என்று வழங்கிப் பின்னர் மருவிய ஆர்புரோத் எனப் பிக்டிய நாட்டின் கீழைக் கரையெங்கும் அபெர்கள் நிற்கின்றன. அடுத்தது ‘பிட்’. பிட்லாக்ரி, பிட்டன்வீம் என்று இச்சொல்லாற் தொடங்கும் ஊர்கள் ஏறத்தாழ 300. போர்த் கழிமுகத்திற்கு வடக்கே, பிக்டியர் ஆண்ட வளமான நிலத்திலேயே பெரும்பாலும் செறிந்துள்ளன. இதன் பழைய வடிவம் ‘பெத்’. நிலத்தின் ஒரு பங்கு என்று பொருள். பழைய கேலிக்கில் இயல்பாக உள்ள சொல்லன்று. வேல்ஸில் ‘பெத்’ என்றால் பொருள், பண்டம். பழைய காலியர் மொழியில் இதன் உறவுச்சொல் பிரெஞ்சுக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து ‘பீஸ்’ என்று வழங்குகிறது. துண்டு என்னும் பொருளில் அச்சொல்லை நாள்தோறும் வழங்குவோர், பிக்டிய உழவன் தன் வயற்பங்கைக் குறித்த சொல்லின் உறவையே வாயில் வைத்துள்ளனர்.

பிட் என்னும் பெயர்களில் ஒரு விந்தை உண்டு. முதற்பாதி பிக்டியமாயின், பிற்பாதி பெரும்பாலும் கேலிக். பிட்டன்வீம் என்பதிற் ‘குகை’ என்னும் சொல் கேலிக். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘டீர் நூல்’ என்னும் நற்செய்தி ஏட்டின் வெற்றிடங்களிற் கேலிக்கில் எழுதிய நிலக்கொடைக் குறிப்புகளிலும் ‘பெத்’ வழக்குச் சொல்லாகவே வருகிறது. பிக்டியரை எவரும் கொன்றொழித்து அந்நிலத்தைக் கைப்பற்றியிருந்தால் அவர்தம் நில அளவைச் சொல் நிலைத்திராது. மக்கள் இருந்தனர், வயல் இருந்தது, பங்கு இருந்தது. பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறிற்று. 839இல் வடமானியரோடு பொருத போரிற் பிக்டிய மன்னனும் உறவினரும் மாண்டனர். பின்னர் அரியணை ஏறிய கினேத் மாக் ஆல்பின் 858இல் இறந்தபோதும் ஏடுகள் அவனைப் பிக்டியர் மன்னன் என்றே குறித்தன. 900இல் இறந்த அவன் பேரனையோ ‘ஆல்பாவின் மன்னன்’ என்றன. அரசவையிலும் திருச்சபையிலும் கேலிக் ஓங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹன்டிங்டன் நகர ஹென்றி என்னும் வரலாற்றாசிரியர், பிக்டியரும் அவர் மொழியும் அழிந்துபோன முழுமையைக் கண்டு, பழைய நூல்கள் அவர்களைப் பற்றிச் சொல்வன கட்டுக்கதையாகவே தோன்றுகின்றன என்று வியந்தார்.

ஆய்வு முடிந்துவிடவில்லை. பிக்டியம் வேல்ஸ் சார்ந்த கிளையில் ஒரு கிளைமொழியா, அதனினின்றும் முன்பே பிரிந்த தனிமொழியா என்பது இன்றும் ஆராயப்படுகிறது. 2015இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்ட குட்டோ ரீஸின் விரிவான ஆய்வு, முன்னவர் காட்டிய வேறுபாடுகளுள் பல உறுதியற்றவை என்று கண்டது. கெல்டிக் மொழி வருமுன் அம்மலைகளில் மக்கள் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்களும் ஏதோ ஒரு மொழி பேசியே இருப்பர். அம்மொழி ஓகம் எழுதப்பட்ட காலம்வரை உயிரோடிருந்தது என்பதற்கே சான்றில்லை.

மொழி மாறிய அந்தக் காலத்தின் ஒரு தடம் ஆவணத்திலும் கிடைத்துள்ளது. 1124 முதல் 1153 வரை ஆண்ட முதலாம் டேவிட் மன்னன் மே தீவின் மடத்துக்கு நிலம் வழங்கிய பட்டயத்தில், ஃபைப் கரையிலுள்ள ஒரு சிற்றூரை எழுத்தன் குறிக்க வேண்டியிருந்தது. ஊரார் வாயிற் புதுப்பெயர் வழங்கியது. பழம்பெயரும் இன்னும் மறந்துபோகவில்லை. கொடையில் நாளை வழக்கு வரக்கூடாது என்று கருதினான் போலும். அபெரின் என்று இருந்த இன்வெரின் என்று இரண்டையும் எழுதினான்.